ஒரு கப் சோறு

2023ஆம் ஆண்டின் கடைசியில், சென்னையில் நடந்த ஊட்டச்சத்து மாநாடு ஒன்றுக்காக விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். கையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு போஸ்டர். கசங்கிவிடக் கூடாதென்று எழும்பூர் வரை மடியிலேயே வைத்திருந்தேன். டயட்டீஷியன் ஆகி ஆறு வருடம் கழித்து ஒரு மாநாட்டில் நான் வைக்கப்போகும் முதல் போஸ்டர் அது. எங்கள் ஊர் பீங்கான் தொழிலாளி ஒருவருக்கு நான் கொடுத்த உணவுத் திட்டத்தால் நான்கு மாதத்தில் ஏழு கிலோ எடை குறைந்த கதை அதில் இருந்தது. மூன்று நாள் கழித்து அதே போஸ்டருடன் திரும்பி வந்தபோது, அந்தக் கதை நான் நினைத்த கதை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலும் ரயில் ஜங்ஷனும்தான். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது பீங்கானும் முந்திரியும். செராமிக் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்டுகள். வீட்டு மின்பெட்டியில் செருகும் ஃப்யூஸ் கட்டையிலிருந்து ஊறுகாய் ஜாடி, பொம்மை, டீ கப் வரை இங்கே செய்திருக்கிறார்கள். செராமிக் படிப்புக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமோ கல்லூரியும் இங்கே உண்டு. தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளில் கடைக்குப் போகாத, ஓரம் கொஞ்சம் கோணிய, மெருகு விட்டுப்போன ‘செகண்ட்ஸ்’ கப்புகளைப் பார்க்கலாம். இந்தக் கதைக்கு அந்தக் கப்புகள் வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் மருத்துவமனை. நாற்பது படுக்கை. அங்கே நான் ஒருத்திதான் டயட்டீஷியன். சர்க்கரை நோயாளிகளை டாக்டர் பார்த்து முடித்ததும் என் அறைக்கு அனுப்புவார்கள். அச்சடித்த தாளை எடுத்து, பெயரை எழுதி, கலோரிக் கட்டத்தில் டிக் அடித்து, பத்து நிமிடம் பேசி அனுப்புவேன். காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கப், காய் இரண்டு கப். இரவு: சோறு ஒரு கப் அல்லது சப்பாத்தி இரண்டு. நான் படித்த காலத்தில் யாரோ தயாரித்த தாளை எங்கள் மருத்துவமனையின் பெயர் போட்டு அச்சடித்து வைத்திருந்தோம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. டாக்டருக்கு நேரமில்லை. நோயாளிக்குத் துணிவில்லை. ஊரில் சக டயட்டீஷியன் இல்லை.

போஸ்டரில் இருந்த அந்த அண்ணனுக்கு அப்போது 51 வயது. ஃபினிஷிங் பிரிவில் வேலை. மோல்டிலிருந்து எடுத்துக் காயவைத்த கப்பின் விளிம்பையும் இணைப்புக் கோட்டையும் பிளேடால் சுரண்டி, ஸ்பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். இருபது வருடமாக அதைத்தான் செய்துவந்தார். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. உடல் நிறைக் குறியீடு 23.5. நம் நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்கிறோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 190. தாளைக் கொடுத்து, “ஒரு கப்புக்கு மேல சோறு கூடாதுண்ணா, கண்டிப்பா இருங்க” என்றேன். “சரிங்க மேடம்” என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு மாதமும் வந்தார். 62. 60. 58. நான்காம் மாதம் 57. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சொன்னதைக் கேட்கும் நோயாளி அமைவது எங்கள் தொழிலில் அபூர்வம். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம், “இவரைப் பாருங்க, எப்படி இருக்கணும்னு இவர்கிட்ட கத்துக்கோங்க” என்று சத்தமாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். கன்னம் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அதையும் என் வெற்றியாகத்தான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மாநாட்டு அறிவிப்பு வந்தது. என் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு மாநாடு என்றால் முதலில் சான்றிதழ். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் என்ற அமைப்பு 1963லிருந்து இருக்கிறது. அது நடத்தும் தேர்வில் தேறினால் ‘ஆர்.டி.’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். தேறிய பிறகும் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு மாநாடும் பயிலரங்கும் ஆதாரம். இரண்டாவது, ஊரைவிட்டு வெளியே போய் நம் தொழில் பேசுகிறவர்கள் நடுவே நாலு மணி நேரம் உட்காரும் ஆசை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

போஸ்டர் தயாரிக்கும்போது ஒன்று செய்தேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான். எடை இறங்கும் கோட்டை நடுவில் பெரிதாக, பச்சை நிறத்தில் வரைந்தேன். சர்க்கரை அளவுகளைக் கீழே ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டேன். காரணம், சர்க்கரை இறங்கவே இல்லை. 190 என்பது 184 ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஏழு கிலோ குறைந்த ஒருவருக்குச் சர்க்கரை அசையவில்லை என்றால் ஏதோ சரியில்லை. முதலாண்டு மாணவிக்கும் தெரியும் விஷயம். எனக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்த எழுத்தைச் சின்னதாக்கினேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

மாநாட்டின் முதல் நாள் பெரிய அரங்கில் பேச்சுகள். ஐ.சி.எம்.ஆர். உதவியோடு எடுக்கப்பட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. அதைப் பற்றிய அமர்வில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டு குறிப்பெடுத்தேன். பக்கத்து அரங்கில் காசநோயும் உணவும் என்று ஓர் அமர்வு. அது நம் துறை இல்லை என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வெளியே போட்டிருந்த கடைகளைச் சுற்றினேன். புரதப் பொடி, நார்ச்சத்துப் பொடி, சர்க்கரை இல்லாத பிஸ்கட். ஒவ்வொரு கடையிலும் ஒரு பை, ஒரு பேனா, ஒரு சாம்பிள் பாக்கெட். இரண்டு கையும் நிறைய வாங்கிக்கொண்டேன். மாநாட்டுச் செலவுக்குக் கடைகளின் பணம் தேவைப்படுகிறது, புரிகிறது. ஆனால் காசநோய் அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருந்தபோது கடை வரிசையில் நெரிசல் இருந்தது. அந்த நெரிசலில் நானும் ஒருத்தி.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு போஸ்டர் நேரம். நீளமான நடைக்கூடத்தில் வரிசையாகப் பலகைகள். அவரவர் போஸ்டர் பக்கத்தில் அவரவர் நிற்க வேண்டும். பலர் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்கள். இரண்டு மாணவிகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு அம்மா வந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது, பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. முதலில் மூலையில் இருந்த சின்ன எழுத்தைத்தான் குனிந்து படித்தார்.

“ஏம்மா, ஏழு கிலோ இறங்கியிருக்கு. சர்க்கரை ஏன் அங்கேயே நிக்குது?”

“மாத்திரை சரியா எடுக்கலைன்னு நினைக்கிறேன் மேடம்.”

“நினைக்கிறியா, கேட்டியா?”

நான் பதில் சொல்லவில்லை.

“சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டாரு?”

“1,400 கலோரி மேடம்.”

“அது நீ எழுதிக் கொடுத்தது. அவர் சாப்பிட்டது எவ்வளவு? எந்தப் பாத்திரத்துல அளந்தே?”

அவர் குரலில் கோபமில்லை. ஒரு டாக்டர் வயிற்றைத் தொட்டு ‘இங்க வலிக்குதா, இங்க?’ என்று கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு வாரியத்தின் கணக்கெடுப்பில் இளவயதில் வேலை பார்த்தவர் அவர். 1972இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்புக்குக் கிராமம் கிராமமாகப் போவார்களாம். கையில் அளவு குறித்த கிண்ணங்களின் அடுக்கு ஒன்று இருக்கும். நேற்று காலையிலிருந்து இன்று காலைவரை வீட்டில் என்ன சமைத்தீர்கள், யார் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே கிண்ணத்தைக் காட்டி அளவு சொல்லச் சொல்வார்கள். “நாங்க வாயால ‘கப்’னு சொல்லவே மாட்டோம். கிண்ணத்தைக் கையில கொடுத்துடுவோம்” என்றார். 24 மணி நேர உணவு நினைவுகூரல் என்று நானும் அதைப் படித்து, பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆறு வருட வேலையில் ஒரு நோயாளியிடமும் முழுதாகச் செய்ததில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“பீங்கான் வேலைன்னு போட்டிருக்கியே. தூசியில உக்காருற வேலையா?”

“ஃபினிஷிங் மேடம். சுரண்டுற வேலை.”

“இருமுறாரா?”

அந்த நடைக்கூடத்தின் வெளிச்சம், மனிதர்களின் பேச்சுச் சத்தம் எல்லாம் இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மூன்றாம் மாதம் அவர் என் அறையில் உட்கார்ந்திருந்தபோது இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். ஓரிரு நிமிடம் கழித்து வந்து, “மன்னிச்சுக்கோங்க மேடம்” என்று உட்கார்ந்தார். நான் அதுவரை பேனாவைத் தாளின் மேல் வைத்தபடியே காத்திருந்தேன். வந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன்: மாலை, சுண்டல் அரை கப்.

“இருமினாரு மேடம்” என்றேன்.

“போன் நம்பர் இருக்கா?”

அங்கேயே, போஸ்டர் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். இருமல் ரெண்டு மாசமா இருக்கு, ராத்திரி வேர்த்து பனியன் நனைஞ்சுபோகுது, வேலையில தூசி அதான்னு மருந்துக்கடையில மருந்து வாங்கிக் குடிக்குறாரு என்றார். “நீங்கதான் மெலியச் சொன்னீங்கன்னு சந்தோஷமா இருந்தாரும்மா.” நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொன்னேன். போனை வைத்தபோது அந்த அம்மா என் தோளில் கை வைத்து, “நாளைக்கு மத்தியானம்தானே ரயிலு? காலையில காசநோய் அமர்வு இன்னொண்ணு இருக்கு. வா, சேர்ந்து உக்காரலாம்” என்றார்.

போனேன். அங்கே கேட்டதை ஊருக்கு வந்தபின் தேடித் தேடிப் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பீங்கான் மண்ணிலும் குவார்ட்ஸ் பொடியிலும் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் அந்த வாய்ப்பு இன்னும் ஏறும். போதாத உணவு இந்தியாவில் காசநோய்க்கு இருக்கும் காரணங்களில் முதன்மையானது. என் நோயாளியிடம் மூன்றும் இருந்தன. சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்திலேயே உண்டு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, காய்ச்சலா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைகிறதா. நான்காவது கேள்வியின் பதில் என் போஸ்டரின் நடுவில் பச்சைக் கோடாக இருந்தது.

காசநோய் டயட்டீஷியனின் வேலையில்லை என்ற எண்ணம் எனக்கு மட்டும் இருந்ததல்ல. அதற்கு ஒரு பழைய வேர் சென்னையிலேயே உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தவர்களையும், வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டு மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க ஏழை நோயாளிகள் வீட்டிலேயே சிகிச்சை பெற வழிதிறந்த மகத்தான ஆய்வு அது. ஆனால் மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்ற நினைப்பும் அதன் நிழலில் வளர்ந்துவிட்டது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த நிறுவனமும் சேர்ந்து செய்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு, நான் மாநாட்டுக்குப் போன அதே 2023இல், ஆகஸ்ட் மாதம் லான்செட் இதழ்களில் வந்தது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று ஜார்க்கண்டில் நடத்தியது. 2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் 10 கிலோ உணவுப் பொட்டலம். பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் தொற்றி வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

அரிசியும் பருப்பும். நான் தினமும் தாளில் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த அதே பொருள்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் முடிவு வந்துவிட்டது. காசநோய்தான். எக்ஸ்ரேயில் தூசி படிந்த அடையாளமும் இருக்கலாம், சிகிச்சை முடிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். நோயாளியின் வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் முறை.

ஓட்டு வீடு. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். அவர் மனைவியிடம், “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இவருக்குச் சோறு எதுல போடுறீங்கன்னு காட்டுறீங்களா?” என்றேன். உள்ளே போய் ஒரு கப்பை எடுத்து வந்தார். டீ கப். வெள்ளை, கைப்பிடி லேசாகக் கோணியிருந்தது. அவர் வேலை பார்த்த யூனிட்டின் செகண்ட்ஸ்.

“நீங்க ஒரு கப்புன்னுதானம்மா சொன்னீங்க. இதுலதான் அளந்து போடுறேன். மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பசிக்குதுன்னாகூட, மேடம் எழுதியிருக்காங்கன்னு தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துடுவாரு.”

மருந்து ஊற்றிக்கொடுக்கும் அளவுக் குப்பியால் அந்தக் கப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 110 மில்லி. என் தாளில் ‘கப்’ என்று அச்சடித்திருந்தது 200 மில்லி. நான் எழுதிய சோற்றில் ஏறத்தாழ பாதிதான் அவர் தட்டில் விழுந்திருக்கிறது, நான்கு மாதம். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து உழைத்த ஒரு மனிதர், உள்ளே ஒரு நோய் தின்றுகொண்டிருந்த நேரத்தில், என் எழுத்துக்கு மரியாதை கொடுத்துப் பட்டினி கிடந்திருக்கிறார். டீ கப் செய்கிறவர் வீட்டில் கப் என்றால் வேறு எதை எடுப்பார்கள்? எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த ஏழு கிலோவில் நோய் தின்றது எவ்வளவு, என் தாள் தின்றது எவ்வளவு? மருத்துவரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு இன்றுவரை அது தெரியாது. அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் அளவு தவறு, இருமலை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பவாவது கூப்பிட்டுச் சொன்னீங்களே மேடம்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு செய்தது சுருக்கமானது. காசநோய் மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும் என்பதால் மருத்துவர் இன்சுலினுக்கு மாற்றினார். நான் பழைய தாளைக் கிழித்துவிட்டு, அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். தினம் இரண்டு முட்டை. ஒரு கைப்பிடி வேர்க்கடலை காலையும் மாலையும். நூறு கிராம் கடலையில் 23 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது, அதுவும் கடலை ரகங்களை உருவாக்கிய வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் எங்களுடையது. புரதப் பொடியைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. சோற்றோடு கட்டாயம் கெட்டிப் பருப்பு. கேழ்வரகுக் களி, கிடைக்கும் நாளில் மீன். வீட்டில் ஐந்து பேர். ரேஷன் அரிசிக்குக் குறையில்லை. துவரம் பருப்பு ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. ஜார்க்கண்ட் ஆய்வில் ஒரு ஆளுக்கே ஒன்றரைக் கிலோ கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். காசநோயாளிக்கு அரசு அப்போது மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000. அந்தப் பணம் முழுக்க முட்டைக்கும் பருப்புக்கும் என்று அக்கா முடிவு செய்தார். 56 கிலோவில் சிகிச்சை தொடங்கியது. இரண்டு மாதத்தில் 59. ஆறு மாதத்தில் 62. அந்த 59ஐத் தராசில் பார்த்த அன்று கழிவறைக்குப் போய் அழுதேன்.

கிண்ண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை அம்மா சொன்ன கிண்ண அடுக்கை எங்கள் ஊர்ப் பீங்கானிலேயே செய்துகொள்ள ஆசைப்பட்டேன். 200, 150, 100 மில்லி என்று எழுதி அந்த அண்ணனிடம்தான் காட்டினேன். அப்போது அவர் தூசியில்லாத பேக்கிங் வேலைக்கு மாறியிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மோல்டை இருநூறுக்கு வெட்டக் கூடாது மேடம்” என்றார். பச்சை மண்ணில் இருக்கும் கிண்ணம் காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். “நீளத்துல பத்துல ஒண்ணு போச்சுன்னா, கொள்ளுறதுல நாலுல ஒண்ணுக்கு மேல போயிடும். அதைக் கணக்குப் போட்டு மோல்டைப் பெருசா எடுக்கணும்.” நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மில்லி மோல்டில் வார்த்திருந்தால் கையில் வந்திருப்பது 146. அவர் சொன்ன கணக்குப்படி மோல்டு எடுத்து, ஈயம் கலக்காத மெருகு போட்டு, நான்கு அடுக்கு செய்தோம். என் மேசையில் ஒன்று. இப்போது நோயாளியிடம் ‘கப்’ என்று சொல்வதில்லை. வீட்டில் சாப்பிடும் அளவைத் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மருத்துவமனையில் இதை ஏற்க வைக்கச் சில மாதம் பிடித்தது.

மாநாட்டின் முதல் நாளில் கேட்ட ஒரு வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய வேலைதான் வளர்ந்து இன்றைய ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அந்த நிறுவனத்துக்குத் தலைமை ஏற்று வளர்த்த சி. கோபாலன் சேலத்துக்காரர். இந்த நாட்டின் ஊட்டச்சத்து அறிவியல் நம் பக்கத்து மண்ணில் தொடங்கியது, நோயாளி உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்வியோடு தொடங்கியது. மாநாட்டில் பெரிய திரையில் இந்த வரலாற்றைக் காட்டினார்கள். கை தட்டினேன். அதே கேள்வி மறுநாள் நடைக்கூடத்தில் என் முகத்துக்கு நேரே வந்தபோதுதான் அது எனக்கானது என்று தெரிந்தது.

என்னைப் போல ஊருக்கு ஒருத்தராக வேலை பார்க்கும் இளைய டயட்டீஷியன்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநாட்டுக்குக் கட்டணம் கட்டுவது நமக்குச் சுலபமில்லை, லீவும் கிடைக்காது. அப்படிப் போகிறபோது ஜெயித்த கேஸைக் கொண்டுபோகாதீர்கள். புரியாத கேஸைக் கொண்டுபோங்கள். சின்ன எழுத்தில் போடத் தோன்றும் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். உங்கள் துறை இல்லை என்று தோன்றும் அரங்கில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். நடத்துகிறவர்கள், தவறிப்போன கேஸ்களுக்கென்று ஒரு மதியத்தை ஒதுக்கித் தர வேண்டும். அனுபவசாலிகளைப் பேச்சு மேடையைவிட அந்தக் கூடத்தில் அதிகம் நிறுத்த வேண்டும். அடுத்த மாநாட்டுக்கு நான் இதே கேஸைத் திருத்தி எழுதி அனுப்பினேன். பச்சைக் கோடு அதே கோடுதான். பக்கத்தில் 110 மில்லி கப்பின் படம் வைத்தேன். அன்றைக்கு என் போஸ்டர் முன்னால் நின்று பேசியவர்கள் நிறையப் பேர். அவர்களில் மூன்று பேர் தங்கள் ஊரில் நடந்ததையும் சொன்னார்கள்.

உணவு ஆலோசனைக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் சோறு அளக்கும் கிண்ணத்தை, கரண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பசி தாங்கவில்லை என்றால் தாளை மீறுவதாக நினைக்காதீர்கள், திரும்பி வந்து சொல்லுங்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், எங்களில் யாரும் கேட்காவிட்டாலும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.